குறையெல்லாம் பக்கத்து வீட்டில்

1

ஒன்பதாவது முறையாக விசாவைப் புதுப்பித்துக்கொண்டு மலையேறி வந்த அன்றுதான், எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று கணினி சொன்னது. விசா கிடைத்த சந்தோஷத்தை அனுபவிக்க அரை மணி நேரம்கூட விடவில்லை.

நான் கோவில்பட்டிக்காரன். கட்டிக்கொண்டது மலேசியாக்காரியை. என் மனைவி புஷ்பாவின் வீட்டார் கியா பார்ம் என்ற மலைச் சந்தையில் காய்கறியும் பூவும் விற்கிறார்கள். நாங்கள் குடியிருப்பது அதே மலையில் உள்ள தானா ராத்தா என்ற சிறு நகரத்தில். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டு மாப்பிள்ளை என்ற தகுதியில் வருடா வருடம் ஓர் அலுவலகத்துக்குப் போய், அதே மனைவிக்கு இன்னமும் அதே கணவனாகத்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். மனைவியும் கூட வர வேண்டும். "இந்த வருசம் வேணாம்னு சொல்லிரலாமான்னு பார்க்கிறேன் லா" என்று கவுன்டருக்கு முன்னால் நின்றுகொண்டு புஷ்பா ஒவ்வொரு வருடமும் சொல்வாள். நானும் ஒவ்வொரு வருடமும் சிரிப்பேன், கொஞ்சம் பயத்தோடுதான்.

இந்தத் தடவை அங்கே ஒரு கூத்து நடந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர், அவரும் நம் ஊர்ப்பக்கம்தான், மனைவி மகளோடு வந்திருந்தார். மனிதருக்கு மலாய் சுத்தமாக ஏறவில்லை. போராங் என்று இங்கே சொல்லும் படிவத்தை மகள்தான் நிரப்பினாள். அலுவலர் ஏதோ கேட்டார். எல்லாம் புரிந்தவர்போல இவர் பெரிதாகத் தலையாட்டி, "யா, யா" என்றார். கேட்டது என்ன தெரியுமா? ஊரில் உங்களுக்கு வேறு மனைவி இருக்கிறாரா என்று. பக்கத்திலேயே மனைவி நிற்கிறாள்! மகள் பாய்ந்து வந்து, "இல்லை, இல்லை" என்று கவுன்டர் மேல் ஏறாத குறையாகக் கத்தித் தகப்பனின் மானத்தைக் காப்பாற்றினாள். போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "யாரு பெத்த பிள்ளையோ, அங்க போயி இப்படி முழிக்குதே" என்று அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

2

என் வேலையைப் பற்றி ஊரில் ஒரு தப்பெண்ணம் உலவுகிறது. கிளப்பிவிட்டவர் என் அண்ணன். "தம்பி மலேசியாவுல கோடிங் பண்றான்" என்று அவர் சொல்லப்போய், இதுவரை நான்கு பேர் தங்கள் பிள்ளைகளின் பயோடேட்டாவை எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஐயா, நான் செய்வதும் கோடிங்தான், ஆனால் அது வேறு. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவியாளன். ஆட்களைப் பேட்டி எடுப்போம். பேச்சை அப்படியே எழுத்தில் இறக்குவோம். பிறகு ஒரு மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுவோம். 'பயம்', 'பிள்ளைகள்', 'ஆஸ்பத்திரி' என்று இப்படி. பக்கம் பக்கமாக ஒட்டி முடித்த பிறகு, ஆஸ்பத்திரியைப் பற்றிப் பயத்தோடு பேசியவர்கள் யார் யார் என்று கேட்டால், அது நொடியில் எடுத்துக் கொடுக்கும். ஒட்டுவது நாம், எண்ணுவது அது. தப்பாக ஒட்டினால் அந்தத் தப்பையும் மிகச் சரியாக எண்ணிக் கொடுக்கும்.

என்னோடு சேர்ந்து சீட்டு ஒட்டுபவள் கலைவாணி. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். டவுனுக்குப் போய் ஆறாம் படிவம் வரை, அதாவது நம் ஊர் பிளஸ் டூ அளவுக்கு, படித்தவள். அப்பாவும் அம்மாவும் இன்னும் மேல் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். மென்பொருளுக்கு அவள் வைத்த பெயர் கிராணி. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. கொழுந்துக் கூடையைத் தராசில் வைத்ததும் முள் காட்டுவதை எழுதிக்கொள்வார். காய்ச்சலோடு பறித்தாயா, மழையில் பறித்தாயா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

"இதுவும் அப்படித்தான் சார். நாம தூக்கி வெக்கிறதைத்தான் நிறுக்கும்" என்றாள் முதல் நாளே. எங்கள் பேராசிரியர் மூன்று நாள் பயிலரங்கு நடத்தி எனக்குச் சொல்லித் தந்ததும் இதைத்தான்.

இந்த ஆய்வுக்குக் காரணமே கலைவாணிதான். இப்போது எல்லாமே போனில் வருகிறது. ஆஸ்பத்திரித் தேதி, அரசாங்க உதவி, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட அறிவிப்பு, எல்லாமே. எல்லாம் மலாயில். தோட்டத்துப் பெரியவர்களோ தமிழ்ப்பள்ளியில் இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்துவிட்டுக் கூடையைத் தூக்கியவர்கள். பாசாரில் மலாய் பேசிப் பேரம் பேசுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். எழுத்து என்று வந்துவிட்டால் கண் சரியாகத் தெரியவில்லை என்பார்கள். இவர்களுக்காகப் பழைய ஆயாக்கொட்டகையில் வாரத்துக்கு இரண்டு நாள் ஓர் ஆளை உட்கார வைத்தால் என்ன என்று மானேஜரிடம் போய்க் கேட்டவள் அவள். முன்பு வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போன கொட்டகை அது. இப்போது சும்மா கிடக்கிறது. மானேஜரை இங்கே இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள். துரை தங்கமான மனிதர். தேவை இருக்கிறது என்று ஆய்வு சொன்னால் அறையைத் தருகிறேன், இல்லாவிட்டால் அது உரமூட்டைக் கிடங்கு என்றார்.

3

இருபத்திரண்டு வீடுகளில் பேட்டி எடுத்தோம். 'படிக்க முடியாத சிரமம்' என்று ஒரு சீட்டு வைத்து, அதன் கீழே 'தன் வீடு', 'பிறர் வீடு' என்று இரண்டு கிளை பிரித்திருந்தேன். விசா வாங்கி வந்த அன்று மாலை ஆசையாகக் கணக்குக் கேட்டேன். 'பிறர் வீடு' பொங்கி வழிந்தது. 'தன் வீடு' கட்டத்தில் பூஜ்யம்.

முதல் வீடு இரண்டாம் வீட்டைச் சொல்கிறது. இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டைச் சொல்கிறது. மூன்றாம் வீடு, "நமக்கு என்னா சார் குறை, மொத வீட்டுலதான் பாவம், ரொம்ப சிரமப்படுதுங்க" என்கிறது. லயம் முழுக்கச் சிரமம் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டிலும் உட்காராமல் அடுத்த வீடு அடுத்த வீடு என்று நடந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரே பேட்டிக்கு இரண்டு பேர் தனித்தனியாகச் சீட்டு ஒட்ட வேண்டும், ஒருவர் ஒட்டியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு மென்பொருள் இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. மறுநாள் ஒப்பிட்டுப் பார்த்தால், மற்ற எல்லாவற்றிலும் எங்களுக்குள் பச்சை. இந்த ஓரிடத்தில் மட்டும் திரை முழுக்கச் சிவப்பு. நான் 'பிறர் வீடு' ஒட்டிய இடத்திலெல்லாம் கலைவாணி 'தன் வீடு' ஒட்டியிருந்தாள்.

"என்னம்மா இது? பக்கத்து வீடுன்னு தெளிவா சொல்றாங்களே!"

"தெளிவாத்தான் சொல்றாங்க சார். தன்னைத்தான் சொல்றாங்க."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"எப்படித் தெரியும்னா? எல்லாருக்கும் தெரியும்." அவள் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலையா? நீங்களும் தமிழாளுதானே?"

ராசம்மாவின் பேட்டியைத் திறந்தாள். ராசம்மா கொழுந்து பறிப்பவர். கீழ் லயத்தில் கடைசி வீடு. கணவர் வீரையா தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் ஒரு கண் போய்விட்டது, கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். பேட்டியில் ராசம்மா சொன்னது இது: பக்கத்து வீட்டில் ஒரு பொம்பளை இருக்கிறாள். அவள் புருஷனுக்குக் கண்ணில் லேசர் வைக்க ஆஸ்பத்திரியிலிருந்து தேதி போட்டு மெசேஜ் வந்ததாம். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை, விட்டுவிட்டாள். கண் போய்விட்டது.

"இதுல 'பிறர் வீடு'ன்னு ஒட்டியிருக்கீங்க" என்றாள் கலைவாணி. "ராசம்மா அத்தை வீட்டுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு?"

யோசித்தேன். "தேயிலை."

"இந்தப் பக்கம்?"

"வங்காளதேசத்துப் பையன்கள் நாலு பேர்."

"அப்ப அந்தப் பொம்பளை எங்க சார் குடியிருக்கா? தேயிலைக்குள்ளயா?"

குறிப்பேட்டைப் புரட்டினேன். பேட்டி எடுத்தபோது வீரையா வாசல்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு. அதையும் நான்தான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், 'கணவர் வாசலில், கறுப்புக் கண்ணாடி' என்று. எழுதிவிட்டு, பிறகு கணினியில் 'பிறர் வீடு' என்று ஒட்டியிருக்கிறேன். என்னை என்ன சொல்ல!

பேராசிரியரைப் போனில் பிடித்தோம். கோலாலம்பூரில் இருப்பவர், தமிழர்தான், அளந்து பேசுகிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கலை சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா அவங்க சொல்லாததைச் சொன்னதா எழுதினா அது ஆய்வு இல்ல, புரளி" என்றார். "ஒரு ஆறேழு பேராவது தன் வாயால 'எனக்கு'ன்னு சொல்லணும். அந்த ஆஸ்பத்திரி விஷயம் முக்கியம். அது சொந்த அனுபவமா வந்தா துரை மறுபேச்சு பேச மாட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க."

போனை வைத்ததும் கலைவாணி, "முடிஞ்சுது லா. உரமூட்டைக்கு வெள்ளையடிச்சிர வேண்டியதுதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முகம் வாடிவிட்டது.

4

என் மேல் தப்பில்லை என்று நிறுவ எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கோவில்பட்டியில் வளர்ந்தவனுக்கு இது எப்படிப் புரியும்? நம் ஊரில் குறை என்பது ஊரைக் கூட்டிச் சொல்வதற்காகவே இருப்பது. குழாயடியில் தண்ணீர் வர அரை மணி இருந்தால் போதும், மாமியார் செய்த கொடுமையெல்லாம் குடத்துக்கு முன்னால் வந்துவிடும். திருநெல்வேலி போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர், கயத்தாறு வருவதற்குள் தன் பித்தப்பைக் கல்லைப் பற்றிச் சொல்லி முடித்து, ஸ்கேன் படத்தையும் எடுத்துக் காட்டியதுண்டு. என் சித்தப்பா ஒருவர் இருந்தார். யாராவது தன் வயிற்றுவலியைச் சொன்னால் பொறுக்க மாட்டார், "இதெல்லாம் ஒரு வலியா?" என்று தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

அதே தமிழைத்தானே இங்கேயும் பேசுகிறார்கள் என்று நம்பி வந்தேன். சொற்களில் எனக்குச் சிக்கலே இல்லை. ஒன்பது வருடத்தில் இந்த ஊர்க்காரர்கள்போல வாக்கியக் கடைசியில் லாவும் போட்டுப் பேசுகிறேன். ஆனால் ஒரே மொழியில் வேறு மாதிரி வெட்கப்படுகிறார்கள் என்பது யாரும் அகராதியில் எழுதி வைக்கிற விஷயமா?

கலைவாணியிடம் காரணம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். "காரணம்லாம் யாருக்குத் தெரியும் சார்? லயத்துல ஒரே செவுருதான். இங்க தும்முனா அங்க கேக்கும். அந்தக் காலத்துல நம்ம குறை கங்காணி காதுக்குப் போனா வம்பு. அப்பிடியே பழகிருச்சோ என்னவோ. பக்கத்து வீடுன்னு சொல்லிட்டா, சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும்ல? கேக்குறவங்களும் அப்படியே எடுத்துக்குவாங்க. யாரும் போயி நோண்ட மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்கதான் எந்த வீடு, வலதா இடதான்னு கேட்டீங்க" என்றாள்.

ஆமாம், கேட்டேன். பதிவில் என் குரல் இருக்கிறது.

5

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் ஆயாக்கொட்டகைக்கு வரச் சொன்னோம். கண்டுபிடித்ததைப் பேட்டி கொடுத்தவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுவதும் எங்கள் தொழில்முறைதான். தேத்தண்ணியும், மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்பும் ஏற்பாடு. புஷ்பாவுக்குக் கடையில் ஞாயிறு வியாபாரம் என்பதால் கோவில்பட்டியில் பிறந்து எங்களோடு வந்த பதினோரு வயது மகள் ஓவியாவை என் தலையில் கட்டிவிட்டாள். மடிக்கணினியை இயக்குகிறேன் என்று அவளே முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சுவரில் வேட்டியைக் கட்டி எங்கள் கணக்குப் படத்தைக் காட்டினேன். "உங்க தோட்டத்துல படிக்கத் தெரியாத சிரமம் நிறைய இருக்கு. ஆனா யாருக்கும் இல்ல. எல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு" என்றேன். கொட்டகையே சிரித்தது. கோவில் கமிட்டித் தலைவர் முனியாண்டி, "அப்ப நல்லதுதானே சார், லா!" என்றார். இன்னும் சிரிப்பு.

"அப்படியே அறிக்கை போனா இந்த ரூம் கிடைக்காது. யாருக்குச் சிரமம்னு நீங்களே சொன்னாத்தான் உண்டு" என்றேன். சிரிப்பு நின்றது. எல்லாரும் கறிபாப்பைக் கவனமாகத் தின்ன ஆரம்பித்தார்கள். ராசம்மா கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் வீரையா.

கலைவாணி என் காதருகே வந்தாள். "சார், நீங்க மொதல்ல சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது?"

"விசா ஆபீஸ்ல உங்க பிரெண்டு ஒருத்தர் தலையாட்டுனாருன்னு சொன்னீங்கல்ல? அந்தப் பிரெண்டை."

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்குத்தான் அந்தக் குளிரில் வியர்த்தது. விசா வாங்கிய மறுநாள் வேலைக்கு வந்ததும் நான் அந்தக் கதையைச் சொன்னபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அந்த ஊர் வழக்கப்படி, நோண்டாமல் இருந்திருக்கிறாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்போது சொல்லிவிடுகிறேன். 'யா, யா' என்று தலையாட்டிய அந்த ஆள் நான்தான். அம்மா, யாரு பெத்த பிள்ளையோ என்றாயே, நீ பெத்த பிள்ளைதான்.

எழுந்து நின்று சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம், மலாய்ப் படிவத்தை நீட்டினால் கை சில்லிட்டுப்போகிறது, என் மகள்தான் நிரப்புகிறாள், கேட்பது புரியாமல் தலையாட்டி இருக்கிற மனைவியையும் இழக்கப் பார்த்தேன் என்று எல்லாவற்றையும். யாரும் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்ததும் முனியாண்டி ஆழமாகப் பெருமூச்சு விட்டார்.

"பாவம் சார் அந்த ஆளு."

"எந்த ஆளு?"

"அதான் சார், நீங்க சொன்னீங்கல்ல, உங்க பக்கத்து வீட்டுக்காரரு."

"ஆமா, பாவம்" என்று நாலைந்து பேர் ஒத்து ஊதினார்கள். "நம்ம சார் எவ்ளோ படிச்சவரு, அவருக்குப் போயி இப்படி ஆகுமா?" என்றது ஒரு குரல்.

"இல்லண்ணே, பக்கத்து வீடு இல்ல. நான்தான்!"

முனியாண்டி என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "தெரியுது சார். அதுக்குத்தான் சொல்றேன்."

நான் மானம் போகிறதே என்று பயந்த இடத்தில், கொட்டகை மொத்தமும் சேர்ந்து ஒரு போர்வையை எடுத்து என் மேல் போர்த்திக்கொண்டிருந்தது! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போர்வைக்குள்ளேயே இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறதே. மறுபடியும் எழுந்தேன். "நான்தாங்க. தானா ராத்தாவுல என் வீட்டுல. எனக்குத்தான் தெரியாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

6

வீடு திரும்பும்போது காரில் ஓவியா ரொம்ப நேரம் பேசவில்லை. இப்போதெல்லாம் அவளுடைய தமிழ் எனக்கும் பாட்டிக்கும் மட்டும் எடுத்து வைத்திருக்கிற விருந்துச் சட்டைபோல ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம். அவள் பேசாமல் இருந்தால் எந்த மொழியில் பேசாமல் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரிவதில்லை.

"எல்லாரும் கேக்க அப்பா சொன்னது உனக்கு வெட்கமா இருந்துச்சா?" என்றேன்.

"இப்ப இல்ல. ஆபீஸ்லதான் ஷேமா இருக்கும்."

"போராங்கை நீ எழுத வேண்டியிருக்கே, அதனாலயா?"

"அது ஓகே லா, எனக்கு எழுதப் பிடிக்கும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குப் புரியலைன்னா என்னைத்தானே பார்க்கணும்? நீங்க அந்த ஆளைப் பார்த்துத் தலையாட்டுவீங்க. நான் பக்கத்துல இருக்கறதே உங்களுக்குத் தெரியாத மாதிரி இருக்கும்."

பிள்ளை விலகிப் போகிறாள், விலகிப் போகிறாள் என்று புஷ்பாவிடம் புலம்பாத நாளில்லை. அவள் என் பக்கத்திலேயே பேனாவோடு நின்றிருக்கிறாள். "அடுத்த வருசம் உன்னைப் பார்க்கிறேன்" என்றேன். "சரி" என்றாள், தமிழில்.

7

திங்கட்கிழமை முனியாண்டி கூப்பிட்டார். "சார், நான்தான். ஒரு போராங் வந்திருக்கு. எனக்குத்தான் வந்திருக்கு. எனக்குத்தான் தெரியல." மூன்று தடவை 'நான்' போட்டார். எத்தனை தடவை சொன்னால் கணக்கில் ஏறும் என்று தெரியாமல் போட்டாராம். புதன்கிழமைக்குள் ஆறு வீடு ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி விஷயம் மட்டும் வரவில்லை. ராசம்மாவிடம் நானும் கேட்கவில்லை, கலைவாணியும் கேட்கவில்லை.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஆயாக்கொட்டகையில் வெள்ளையடிப்பு நடக்கிறது. செவ்வாயும் வியாழனும் கலைவாணி அங்கே உட்காரப்போகிறாள். மேசைகூட வந்துவிட்டது. ஆறு பேட்டிகளை அனுப்பியபோது பேராசிரியர், "பார்க்கலாம்" என்றார். ஏழாவதைக் கேட்டதும் அன்றே அறிக்கையை அனுப்பிவிட்டார். அந்த ஏழாவது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஊர் பேர் மாற்றி எழுதிக்கொள்ள சம்பந்தப்பட்ட இருவரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம், மூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் வெயில். ராசம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் கலைவாணியும் போனோம். வீரையா வழக்கம்போல வாசல்படியில் இருந்தார். ராசம்மா எங்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு, அவரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

"தனியா பேசணும்னா அண்ணனை வெளிய..." என்று நான் விதிமுறையை ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும் சார். அவரு கேக்கணும்னுதான் சொல்றேன்." ராசம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். "போன தடவை சொன்னேன்ல, பக்கத்து வீட்டுப் பொம்பளைன்னு. பக்கத்து வீட்டுல அப்படி யாரும் இல்ல. நான்தான் அது."

கலைவாணி பதிவுக் கருவியை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினாள்.

"போன்ல மெசேஜ் வந்திருந்துச்சு. பார்த்தேன். பூரா மலாய். போன் கம்பெனிக்காரன் ஏதோ அனுப்பியிருக்கான்னு நெனைச்சேன். அப்பறம் மனசு கேக்கல. போனைக் கையில வெச்சிக்கிட்டு இந்தக் கடைசி வீட்டுலேர்ந்து மொத வீடு வரைக்கும் நடந்தேன் சார். ஒரு கதவைத் தட்டியிருந்தா போதும். எந்த வீட்டுப் பிள்ளையாச்சும் படிச்சுச் சொல்லியிருக்கும். தட்டல. இத்தனை வயசுக்கு இதுகூடத் தெரியலையான்னு கேட்டுருவாங்கன்னு வெட்கம். அப்படியே திரும்பி வந்துட்டேன். ஆஸ்பத்திரித் தேதி என்னாச்சுன்னு இவர் கேட்டப்போ, தள்ளி வெச்சிட்டாங்கன்னு பொய் சொல்லிட்டேன். அந்த மெசேஜ்தான் தேதின்னு கண்ணு போன பொறவு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் தெரிஞ்சுது." அவர் வீரையாவின் பக்கம் திரும்பவே இல்லை. "இந்த மனுசன் கண்ணை நான்தான் பறிச்சேன். எழுதிக்கோங்க. ராசம்மா, கடைசி வீடு."

சொல்லி முடித்துவிட்டு அழுதார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

வீரையா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மெசேஜை எந்த போன்ல பார்த்த?"

"உங்க போன்லதான்."

"என் போன்ல வந்ததை நீ பார்க்கறதுக்கு முன்னாடி யாரு பார்த்திருப்பா?"

ராசம்மா நிமிர்ந்தார்.

"வந்த அன்னிக்கே பார்த்துட்டேன்" என்றார் வீரையா. "ஒண்ணும் வெளங்கல. உன்கிட்ட நீட்டுனா, இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியலன்னு நெனைப்பியோன்னு மேசை மேலயே வெச்சிட்டேன். நீயா பார்த்துச் சொல்லுவன்னு இருந்தேன். தேதி தள்ளிப் போச்சுன்னு நீ சொன்னப்ப, அப்பாடா, அப்ப அந்த மெசேஜ் வேற என்னமோன்னு நிம்மதியா இருந்துச்சு. கண்ணு போன பொறவு தினமும் நெனைப்பேன், அன்னிக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கலாமேன்னு."

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவ சொன்னதை மட்டும் எழுதாதீங்க சார். இந்த வீட்டுல ரெண்டு பேருன்னு எழுதுங்க."